காளிகேசமா, ரப்பர் தோட்டமா, அயினிமூடா: ஆந்தையைப் படம் பிடிக்க எங்கே நிற்பது?

அக்கா மகன் போன மாதம் ஒரு மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத ரகம்) வாங்கினான். வாங்கின மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்கு எனக்கு ஃபோன். "மாமா, ஆந்தை எடுக்கணும். கரண்ட் கம்பத்துல உக்காந்திருக்கிற ஆந்தை வேண்டாம். பின்னால மரப்பட்டை, பாசி, இலை எல்லாம் தெரியணும். எங்க போலாம்?" மலைக்காட்டுக்குள் இருக்கிற காளிகேசம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கிறான், பையில் ரெயின்கோட் வரைக்கும் எடுத்து வைத்தாயிற்றாம். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அரை மணி நேரம் பேசியும் அவனுக்குத் திருப்தி இல்லை, அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிக்கலே இடம் அதிகமாக இருப்பதுதான். நாகர்கோவிலில் பைக்கை எடுத்தால் ஒரு மணி நேரச் சுற்றளவில் மலைக்காடு, ரப்பர், தென்னை விளை, வயல், பனை, பாறைக்குன்று எல்லாம் வந்துவிடும். எல்லாவற்றிலும் ஆந்தை உண்டு, ஆனால் ஒரே ஆந்தை இல்லை. தேரூர், சுசீந்திரம் பக்கத்து வயல்பற்றுகளில் எலிக்கு அலைகிற கூகை. மருத்துவாழ்மலை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பாறைகளில் கொம்பன் ஆந்தைக்கு ஏற்ற இடம், எனக்கு இதுவரை அங்கே கிடைத்தது குரல் மட்டும். ஆடிக்காற்றில் அங்கே டிரைபாட் நிற்காது, காற்றாலைக்காரர்கள் சும்மாவா அந்தக் கணவாயைத் தேடி வந்தார்கள். இந்த இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன், பையன் கேட்டது மரத்து ஆந்தை.

மிச்சம் இருப்பது நாலு வழி. காட்டுக்குள்ளேயே போவது, காட்டை ஒட்டிய ரப்பர் தோட்ட ஓரத்தில் நிற்பது, ஊருக்குள் பழைய மரம் உள்ள ஒரு விளையில் காத்திருப்பது, இல்லையென்றால் வண்டியேறித் தட்டேக்காடு போய் கைடு காட்டுகிற கிளையைப் பார்த்து எடுத்துக்கொண்டு வருவது. நாலையும் செய்து பார்த்திருக்கிறேன்.

காட்டில் இருந்து ஆரம்பிக்கலாம், ஆசை அங்கேதான் இருக்கிறது. கன்னியாகுமரி வனஉயிர் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டமே ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான், அதில் கால்வாசி. கீரிப்பாறை தாண்டிக் காளிகேசம் வரை பகலில் போய்வரலாம். ஆனால் ஆந்தை எடுக்க வருகிறவனுக்கு முதல் இடியே அதில்தான், பகலில். ஆந்தை கண் திறந்து சோம்பல் முறிக்கிற நேரத்தில் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுப்புவது சரிதான், அந்தி மயங்கினால் யானை இறங்குகிற பாதை அது, லென்ஸுக்குள் கண்ணை வைத்திருப்பவனுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. சாலையை விட்டு உள்ளே நடக்க வேண்டும் என்றால் நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஒரு ஓரமா போயிட்டு வந்துரலாம் மாமா" என்பதெல்லாம் ஆழம் தெரியாமல் காலை விடுகிற பேச்சு.

அப்படி முறையாக அனுமதி வாங்கி, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு ஒரு பிப்ரவரியில் நடந்தேன். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டு வந்தார். ஒன்பதரை மணி வாக்கில் ஒரு கரிச்சானும் ரெண்டு மூணு கொண்டைக்குருவியும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வைதுகொண்டிருந்தன. "சார், அங்க ஒண்ணு உண்டு" என்றார். அது பாம்பாகவும் இருக்கலாம், ஆந்தையாகவும் இருக்கலாம், அன்று ஆந்தை. உடம்பு முழுக்கக் குறுக்குக் கோடு போட்ட சின்னக் காட்டாந்தை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இருக்கிற இனத்துக்குத் தலையும் தோளும் கொஞ்சம் செம்பழுப்பு ஓடியிருக்கும். பகலிலும் ஓரளவு நடமாடுகிற ஆந்தை இது, காட்டுக்குள் போகிறவனுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது என்றால் இதுதான். இருந்தது எங்கே? தலைக்கு நேர் மேலே, பதினைந்து மீட்டர் உயரத்தில், பின்னால் வெள்ளை வெளேரென்று வானம். மரக்கூரைக்குக் கீழே வெளிச்சம் வெட்டவெளியைவிட இரண்டு மூன்று ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), ஆனால் பின்னணி மட்டும் பளீரென்று எரிகிறது. ஐஎஸ்ஓ 5000, ஷட்டர் 1/125, எஃப் 6.3. இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றே ஒன்று தேறியது, அதிலும் ஆந்தையின் வயிறுதான் பிரமாதமாக வந்திருந்தது.

வேறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மலை நமக்குக் கிழக்கும் வடக்குமாக நிற்கிறது. அதனால் பள்ளத்தாக்கில் காலை வெயில் தாமதமாகத்தான் விழும், விழுகிறபோது ஆந்தை அடைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மாலை வெயில் நன்றாக வரும், ஆனால் மாலையில் நாம் அங்கே இருக்க முடியாது. காட்டைக் குறை சொல்லவில்லை. அங்கே நடப்பது வேறு ஒரு சுகம், படம் அதில் கிடைத்தால் கிடைக்கும். படத்துக்காக மட்டும் போகிறவன் மூக்கால் அழுதுகொண்டு திரும்புவான், காலில் நாலு அட்டையோடு.

சரி, காட்டுக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைத்தால்? அங்கேதான் ரப்பர். பேச்சிப்பாறை, குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் காட்டு எல்லை எங்கே முடிகிறது ரப்பர் எங்கே தொடங்குகிறது என்பது ஒரு ஓடையோ ஒரு கல்லோதான். ரப்பர் மரத்தில் ஆந்தை குடியிருக்காது, குடியிருக்கப் பொந்து வேண்டுமே. இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி மறு நடவு செய்துவிடுகிறார்கள், பொந்து விழ மரம் கிழடாக வேண்டும். ஆனால் அந்த ஓடைக்கரையில் தப்பித்து நிற்கிற ஒரு பழைய மாமரம், ஒரு மருதமரம், தோட்டக்காரர் பழத்துக்காக வெட்டாமல் விட்ட ஒரு பலா, அதில் இருக்கும். இருட்டினதும் இரைக்கு ரப்பர் வரிசைகளுக்குள் வரும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பறவைப் புத்தகம் இல்லை, ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். நாம் அலாரம் வைத்து எழுந்திருக்கும்முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கிறவர்கள் அவர்கள், மாவட்டத்திலேயே ஆந்தையை அதிகம் பார்த்தவர்கள். சாயங்காலம் டீக்கடையில் ஒரு அண்ணனிடம் கேட்டேன். "ஆந்தை உண்டாண்ணே?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எந்த ஆந்தை? ஊளுற மாதிரி கத்துமே அதா, மீன் பிடிக்குமே அதா?" என்றார். என் மூன்று வருடத் தேடல் அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. மீன் பிடிப்பது பழுப்பு மீன் ஆந்தை, அரை மீட்டருக்கும் மேல் உயரம், மஞ்சள் கண், காலில் இறகு இருக்காது, நீர்நிலையை விட்டு விலகாது. ஊளையிடுவது கேரளப் பக்கம் காலன்கோழி என்று சொல்வார்களே, அது. காலன் வரும்முன் கூவுமாம். விளவங்கோட்டில் அந்தப் பேரைச் சொன்னாலே சில வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள். வேடிக்கை என்னவென்றால் அது அடர்ந்த காட்டைவிட ஊரோரத் தோப்பையும் பழைய மாமரத்தையும்தான் அதிகம் விரும்பும், காலனுக்கும் ஊர்தானே வேலை செய்கிற இடம்.

ரப்பர் ஓரத்துக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு, நான் பார்த்தவரை யாரும் இதைச் சொல்வதில்லை. டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும். அதுவரை இருட்டு மண்டபமாக இருந்த தோட்டம் ஒரே வாரத்தில் கூரை பிரித்த வீடு மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் கீழே வரை வரும், ஐம்பது அறுபது மீட்டருக்குக் கண் எட்டும், தரையில் சருகு. அப்புறம் தளிர் விடும்போது செம்பு நிறத்தில் விடும், மாலை வெயில் அதில் பட்டு ஆந்தைக்குப் பின்னால் மங்கலாக நின்றால் காட்டுக்குள் ஒரு மாதம் கிடந்தாலும் அந்தப் பின்னணி கிடைக்காது. மழையும் அப்போது இருக்காது. இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது, ஜூன் முதல் டிசம்பர் வரை லென்ஸைத் துடைத்தே காலம் போகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், இந்த மூன்று மாதம்தான் நமக்கு.

குறை? சருகு. காலை வைத்தால் அப்பளம் நொறுக்கின மாதிரி சத்தம், ஆந்தையின் காதுக்கு அது வெடி. அதனால் நடந்து தேடுகிற வேலை இங்கே ஆகாது, முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அப்புறம், தோட்டம் ஒருவருடைய சொத்து, கேட்காமல் நுழையக் கூடாது. இருட்டில் கேமரா பையோடு திரிந்தால் ஒட்டுப்பால் (காய்ந்து உறைந்த ரப்பர் பால்) திருட வந்தவன் என்று நினைப்பார்கள். என்னை நினைத்தார்கள். அரை மணி நேரம் கேமராவைத் திறந்து ஆந்தைப் படமாகக் காட்டித்தான் வெளியே வந்தேன், அதற்குப் பிறகு அந்த ஆளே எனக்குத் தகவல் சொல்கிறார் என்பது வேறு விஷயம்.

தட்டேக்காட்டை இரண்டு வரியில் முடித்துவிடலாம். எர்ணாகுளம் மாவட்டம், 1983-ல் அமைந்த சலீம் அலி பறவைகள் சரணாலயம், நமக்குப் போக ஒரு பகல் முழுக்கப் போய்விடும். நல்ல கைடுகள் இருக்கிறார்கள், பார்க்க ஆந்தை மாதிரி இருக்கிற தவளைவாயனை ஜோடியாகக் கிளையில் காட்டுவார்கள், காய்ந்த இலை மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். படம் அநேகமாக உறுதி. ஆனால் நேற்று வந்தவரும் அதே கிளையைத்தான் எடுத்தார், நாளை வருகிறவரும் அதைத்தான் எடுப்பார். பறவையைப் பார்க்க வேண்டும் என்றால் போங்கள். படம் எடுக்கக் கற்றுக்கொள்ள அது இடமில்லை.

இனி என் கட்சி. எங்கள் வீட்டிலிருந்து சானல்கரை வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பழைய விளை. தென்னையும் கொல்லாமாவும் (முந்திரி) இருக்கிற இடத்தில் நடுவே ஒரு அயினிமரம், காட்டுப்பலா வகை, அதன் அடியைத்தான் அயினிமூடு என்கிறோம், ரெண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. அதில் ஒரு கிளை ஒடிந்து விழுந்த இடம் பொந்தாகிவிட்டது. பொந்தில் புள்ளி ஆந்தை ஒரு ஜோடி. நான் பார்க்கத் தொடங்கி ஆறு வருடம், அதே பொந்து. புள்ளி ஆந்தை இருபத்தொரு சென்டிமீட்டர் பறவை, ஊரெல்லாம் இருக்கிறது, அதனால் அதை யாரும் மதிப்பதில்லை, அக்கா மகனும் "அதுவா" என்றான்.

அதுதான். மழை விட்ட ஒரு மாலை, மணி ஐந்து நாற்பது. பொந்து விளிம்பில் முதலில் தெரிவது முகம் இல்லை, வெள்ளைப் புருவம். அப்புறம் ஒரு கண், பாதி மூடினபடி. இன்னொரு கண் வரக் கொஞ்ச நேரம் ஆகும். முழுதாக வந்ததும் மரப்பட்டையில் வழிந்த தண்ணீரில் முகத்தை ஒருமுறை உரசிக்கொண்டது. காலைத் தூக்கி, நம் வீட்டுக் கோழி சொறிகிற மாதிரியே, காதுக்குப் பின்னால் சொறிந்தது. ஜோடி பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தது, ஒன்றின் தலையை மற்றது கோதியது. கீழே விளைக்காரப் பாட்டி தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்கு மக்கா இந்த மூதேவியப் போயி படம் பிடிக்க? அலறுனா வீட்டுக்கு ஆவாது" என்றாள். கேமராவில் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த மரத்தில் கல் எறிகிற பிள்ளைகளை அவளே விரட்டுகிறாள்.

பாசி இருந்தது, பட்டை இருந்தது, மழை இருந்தது. ஊர்க்காரனுக்குத்தான் அது விளை, படத்தில் பார்க்கிறவனுக்குக் காடு. ஏமாற்றும் இல்லை அதில். அந்த ஆந்தைக்கு அதுதான் காடு, பொந்துள்ள கிழட்டு மரமும் எலியும் வண்டும் இருக்கிற இடம்.

கணக்கு சொல்கிறேன். போன வருடம் ஜனவரி முதல் மார்ச் வரை காட்டுக்கு நாலு முறை போனேன், வைத்துக்கொள்ளத் தகுந்த படம் ஒன்று. ரப்பர் ஓரத்துக்கு ஒன்பது மாலை, மீன் ஆந்தை இரண்டு படம், குரல் நிறைய. அயினிமூட்டுக்கு முப்பது தடவைக்கு மேல் இருக்கும், பெட்ரோல் செலவு பூஜ்யம், நல்ல படம் பதினொன்று. இதில் கடைசி எண்ணைவிட முக்கியம் முப்பது என்கிற எண். முப்பது மாலை ஒரே பறவையைப் பார்த்தவனுக்கு அது எப்போது பறக்கும், எந்தக் கிளைக்குப் போகும், எப்போது பயப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். காட்டில் நாலு முறை பார்த்தவனுக்கு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன், இதிலும் முடிவெடுக்கத் திண்டாடுகிறார்கள். 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் பத்து லட்சத்துக்கு மேல், அதைத் தூக்க ஒரு தோளும் வாங்க ஒரு வங்கியும் வேண்டும். 150–600 மி.மீ. எஃப் 6.3 லென்ஸ்கள், சிக்மாவோ டாம்ரானோ, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குள் அடங்கும். வித்தியாசம், எஃப் 4 சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அந்தியில் இரண்டரை மடங்கு சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் ஆந்தை கரிச்சான் மாதிரி துள்ளுகிற பறவை இல்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கண்கள் குழிக்குள் அசையாது, அதனால் எதைப் பார்ப்பதானாலும் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பி நிறுத்தின ஒரு நொடியில் 1/30 ஷட்டரில்கூடக் கூர்மையான படம் வரும், டிரைபாட் இருந்தால். பத்துப் பத்தாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்று தேறும். பறக்கிற ஆந்தை வேண்டும் என்றால் இந்தக் கணக்கு எடுபடாது, ஆனால் முதல் வருடத்திலேயே பறக்கிற ஆந்தைக்கு ஆசைப்படாதீர்கள்.

நீள ஜூம் உள்ள ஒரே உடம்புக் கேமரா, நிக்கான் பி1000 மாதிரி, 3000 மி.மீ. வரை எட்டும் என்கிறார்களே, அது? காலை வெயிலில் பொந்து வாசலில் வெயில் காய்கிற புள்ளி ஆந்தைக்கு அருமை, விலைக்கு அதை அடிக்க ஆளில்லை. அந்தியில் சென்சார் சின்னது, முழு ஜூமில் எஃப் 8, படம் மாவாட்டின மாதிரி வரும். என்னிடம் இருந்தது அதற்கு முந்தைய பி900, இரண்டு வருடம் வைத்திருந்து விற்றேன், வருத்தமில்லை.

ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர சென்சார் உள்ள மிரர்லெஸ்ஸில் 600 மி.மீ. மாட்டினால், பதினைந்து மீட்டர் தூரத்தில் இருக்கிற புள்ளி ஆந்தை சட்டகத்தின் உயரத்தில் பாதிக்கு நிற்கும். அரை மீட்டர் மீன் ஆந்தை முப்பது மீட்டரில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக. இதற்கு மேல் பக்கத்தில் போக என்ன தேவை? காட்டுப் படம் வேண்டும் என்று கேட்டவன் மரத்தையும் சேர்த்துத்தானே எடுக்க வேண்டும். மிரர்லெஸ்ஸில் உண்மையான லாபம் வேறு, சத்தமில்லாத ஷட்டர். பழைய கேமராவில் கண்ணாடி மேலே போய்க் கீழே வருகிற "டக்" ஒவ்வொன்றுக்கும் ஆந்தை நம் பக்கம் திரும்பும். அதனால் இருக்கிற காசில் பாதியை லென்ஸுக்கு, மிச்சத்தில் நல்ல டிரைபாடுக்கும் ஈரம் உறிஞ்சுகிற பெட்டிக்கும். கடைசியில் சொன்னதைச் சிரிக்காமல் வாங்குங்கள், நம் ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை கோலம் போட்டுவிடும். துடைத்துத் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் என் லென்ஸின் ஃபோகஸையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்தார்.

நேரம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம், எட்டு டிகிரிதான். சூரியன் சாய்ந்து இறங்காது, கிணற்றில் வாளி விழுகிற மாதிரி நேராக இறங்கும். அஸ்தமித்தபின் படம் எடுக்கிற வெளிச்சம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வடக்கே குளிர்நாடுகளில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு "அந்தியில் ஒரு மணி நேரம் கிடைக்கும்" என்று நம்பி வருகிறவர்கள் முதல் நாள் ஏமாறுவது இங்கேதான். நவம்பரில் ஆறு மணிக்கே சூரியன் போய்விடும், ஜூலையில் ஆறே முக்கால் நெருங்கும். அதனால் நாலரைக்கே போய் உட்கார வேண்டும், ஆந்தை வெளியே வரும்போது நீங்கள் மரத்தோடு மரமாக ஆகியிருக்க வேண்டும். காலையா மாலையா என்று கேட்டால் மாலை. காலையில் ஆந்தை பொந்துக்குள் போகிற நேரம், அசதியில் வரும், அரை நிமிடத்தில் மறைந்துவிடும். மாலையில் கிளம்புவதற்கு முன் கால் மணி நேரமாவது சோம்பல் முறிக்கும், பார்க்க அதுதான் அழகு.

ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், ரப்பர் ஓரத்தில், ஃபோனில் ஸ்காப்ஸ் ஆந்தையின் குரலைப் போட்டேன். காதுக் குடுமி வைத்த சின்ன ஆந்தை, மூன்றாவது நிமிடமே வந்து தலைக்கு மேலே கிளையில் இறங்கியது. டார்ச் அடித்தேன். உடம்பை ஒட்டிக்கொண்டு நெட்டையாக நின்றது, குடுமி இரண்டும் விறைத்தன, கண் ஒரு கோடாகச் சுருங்கியது. எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது என்று நினைத்து எடுத்தேன், பகிர்ந்தேன், பாராட்டு குவிந்தது. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது கம்பீரம் இல்லை, பயம். காய்ந்த கொம்பு மாதிரித் தெரிய வேண்டும் என்று அந்தப் பறவை செய்கிற வேலை அது. தன் இடத்தில் வேறு ஒருவன் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்தது, வந்த இடத்தில் கண்ணில் வெளிச்சம். இப்போது அந்த மாதிரி நெட்டையாகக் கண்ணை இடுக்கின ஆந்தைப் படம் எங்கே பார்த்தாலும் எடுத்தவன் எவ்வளவு பக்கத்தில் நின்றான் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

அதனால் குரல் போடுவது, ஃப்ளாஷ், எலியைக் கட்டிவைத்து வரவழைப்பது, இந்த மூன்றையும் நான் ஒப்பிடவே போவதில்லை. கூடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புள்ளி ஆந்தை முட்டையிடுவது நவம்பரில் இருந்து ஏப்ரலுக்குள். நமக்கு வெளிச்சமும் வானமும் தெளிவாக இருக்கிற மாதங்களும் அவைதான், என்ன செய்ய. அந்தக் காலத்தில் பொந்தைக் குறிவைக்காமல், அது வெளியே வந்து உட்காருகிற கிளையைப் பாருங்கள், இருபது மீட்டருக்குள் போகாதீர்கள். ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களையே முறைத்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், எழுந்து பின்னால் போய்விடுங்கள்.

இடத்தையும் சொல்லாதீர்கள். என் அயினிமூடு எந்த ஊர் என்று நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். தீபாவளி சமயத்தில் மந்திரத்துக்கும் பூஜைக்கும் ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் நாட்டில் உண்டு, 2010-ல் வனஉயிர் வியாபாரத்தைக் கண்காணிக்கிற டிராஃபிக் அமைப்பு இந்த வியாபாரத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. படத்தில் ஒட்டிக்கொண்டு போகிற இருப்பிடக் குறிப்பை ஃபோன் அமைப்பிலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆக, என்னைக் கேட்டால் முதல் வருடம் முழுக்க உங்கள் ஊர் விளையில் ஒரு பொந்து, இரண்டாம் வருடம் இலை உதிர்ந்த ரப்பர் ஓரத்தில் பால் வெட்டுகிறவரின் தயவில் மீன் ஆந்தை, காடு அதற்கு அப்புறம். பணம் குறைவாக இருந்தால் லென்ஸை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், மடக்கு நாற்காலியை இன்றைக்கே வாங்குங்கள். மாறுபட்ட கருத்து இருக்கலாம். காட்டுச் சத்தத்துக்காகவே போகிறேன், படம் வந்தால் வரட்டும் என்கிறவருக்கு காளிகேசம்தான் சரி, அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

இவ்வளவையும் அக்கா மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டான். முடிந்ததும், "சரி மாமா, நீங்க சொல்றது புரியுது. அயினிமூட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாறேன். ஞாயித்துக்கிழமை காலைல காளிகேசம் போலாமா?" என்றான். வயசு அப்படி. அட்டைக்குக் காலுறையில் தூவ மூக்குப்பொடி ஒரு டப்பா வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.